இரண்டாம் முறை கேட்கும் இரத்தம்

களுவாஞ்சிகுடி,
மாசி மாதம்.

அன்பின் சுகந்திக்கு,

கடிதமும் பிள்ளைகளின் படங்களும் கிடைத்தன. மூத்தவளுக்கு அப்படியே உன் அப்பாவின் மூக்கு. புது வீட்டில் குளிர் அவ்வளவு ஏறுவதில்லை என்று எழுதியிருந்தாய், சந்தோசம். இங்கே பெரும்போக அறுவடை முடிகிற நேரம். றோட்டில் பாதியை நெல் காயப்போட்டே பிடித்துவிட்டார்கள். மோட்டார் சைக்கிளை நெல்லில் ஏற்றினால் ஏச்சு, விலத்திப் போனால் எதிரே டிரக்டர்.

சரி, எங்கள் ஆராய்ச்சிக்காக உன் அம்மாவிடம் ஏன் இரத்தம் எடுத்தேன் என்ற உன் கேள்விக்கு வருகிறேன். "உன்ட சிநேகிதி வந்து ஒரு போத்தல் இரத்தம் எடுத்துட்டுப் போயிட்டாள்" என்று அம்மா போனில் சொன்னாவாம். போத்தல் இல்லையடி, 5 மில்லிலீற்றர். ஒரு தேக்கரண்டி. இரத்ததானத்துக்குத்தான் 450 மில்லிலீற்றர் எடுப்பது. அம்மாவிடம் எடுத்தது சிவப்பு மூடி போட்ட ஒரேயொரு சின்ன ரியூப். ஆனால் நான் என்ன சொல்லி என்ன, மண்டூரில் பாதிச் சனத்துக்கு அது இப்போது போத்தல்தான். நீ வந்து இறங்குவதற்குள் பீப்பாயாகியிருக்கும்.

ஒன்றை முதலே சொல்லிவிடுகிறேன். யார் வீட்டில் யாருக்கு எடுத்தேன் என்று நான் எவரிடமும் வாய் திறப்பதில்லை. ரியூபில்கூடப் பெயர் இருக்காது, இலக்கம் மட்டும்தான். இலக்கத்தையும் பெயரையும் சேர்த்துப் பார்க்கிற பட்டியல் வேறோர் இடத்தில் பூட்டில் இருக்கிறது. அம்மாவே உன்னிடம் சொன்னபடியால்தான் இவ்வளவும் எழுதுகிறேன். ரிசல்ட் என்னவென்று மட்டும் என்னிடம் கேட்காதே, அது அம்மாவின் கையில் கொடுத்த கடிதத்தில் இருக்கிறது.

ஆராய்ச்சி எலிக்காய்ச்சலைப் பற்றியது. பெயர்தான் எலி. மாடு, எருமையின் சிறுநீரிலும் அந்தக் கிருமி வரும். ஈரமண்ணிலும் வரம்போரத் தண்ணீரிலும் வாரக்கணக்கில் உயிரோடு கிடக்கும். காலில் ஒரு வெடிப்போ கீறலோ இருந்தால் போதும், உள்ளே போய்விடும். நாள் முழுக்கச் சேற்றில் ஊறின தோல் என்றால் இன்னும் வசதி. 2008 இல் நாடு முழுக்க 7000 பேருக்கு மேல் சந்தேக நோயாளிகளாகப் பதிவாகி, 200 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். காய்ச்சல், தலையிடி, கெண்டைக்காலில் தொட முடியாத நோ, கண் சிவப்பு. முதல் இரண்டு மூன்று நாளைக்கு டெங்குவா இதுவா என்று டொக்டர்மாருக்கே பிடிபடாது. கவனிக்காமல் விட்டால் சிறுநீர் குறைந்து, கண் மஞ்சளாகி, கிட்னியில் போய் நிற்கும்.

"அம்மாவுக்குக் காய்ச்சலே இல்லையே, பிறகு ஏன்?" என்று கேட்டிருந்தாய். காய்ச்சல்காரரின் இரத்தத்தை மட்டும் பார்த்தால் ஒன்றும் விளங்காது. வயலிலும் மாட்டுப்பட்டியிலும் காலம் கழித்த ஆட்களுக்கு எப்போதோ வந்து தானாக மாறிப்போன நோயின் எதிர்ப்பொருள், அதாவது கிருமியை எதிர்க்க உடம்பே உண்டாக்குகிற பொருள், இரத்தத்தில் நிற்கக்கூடும். ஊரில் சுகமாக இருக்கிறவர்களில் எத்தனை பேருக்கு அது இருக்கிறது என்று தெரிந்தால்தான், படுத்துக்கிடக்கிறவரின் அளவை எதோடு ஒப்பிடுவதென்று தெரியும். அதற்குத்தான் அம்மா.

அம்மா முதலில் விரலைத்தான் நீட்டினா. அன்ரி மலேரியா (மலேரியா ஒழிப்பு) ஆட்கள் வீடு வீடாக வந்து விரலில் குத்திக் கண்ணாடியில் பூசிக்கொண்டு போன காலம் அவவுக்கு நல்ல ஞாபகம். உனக்கும் இருக்கும், குளோரோகுயின் குளிசையின் கசப்புக்கு நீ வீட்டுக் கோடிக்குள் ஓடி ஒளிந்தவள்தானே. 2012 ஐப்பசிக்குப் பிறகு மூன்று வருசத்துக்கு மேல் உள்ளூரில் பரவின மலேரியா ஒன்றுகூட இல்லை, 2016 இல் உலக சுகாதார நிறுவனம் சான்றிதழும் கொடுத்துவிட்டது. அன்று சலிக்காமல் விரல் நீட்டின சனத்துக்கும் அதில் பங்கு உண்டு என்று அம்மாவிடம் சொன்னேன். "அப்ப இதுக்கும் விரல்லயே எடு" என்றா. விரலில் வருகிற ஒரு துளி இதற்குக் காணாது.

இந்த வேலையில் எனக்குப் பிடித்த இடம் நரம்பு தேடுவதுதான். (நாளம் என்றுதான் படித்தோம், ஆனால் இங்கே எல்லாருக்கும் அது நரம்பு.) மேல்கையில் இறுக்குப் பட்டியைக் கட்டினால் ஒரு நிமிசத்துக்குள் வேலை முடிய வேண்டும், அதற்கு மேல் இறுக்கி வைத்தால் இரத்தத்தின் அளவுகளே மாறத் தொடங்கும். ஆனபடியால் முதலில் கட்டாமலே தேடுவேன். கண்ணால் தேடுகிறவர்கள் தோற்றுப்போவார்கள். வெயிலில் கறுத்துத் தடித்த கையில் பச்சைக்கோடு எங்கே தெரியும்? முழங்கை மடிப்பில் சுட்டுவிரலை வைத்து மெதுவாக அமத்தினால் ஓரிடத்தில் மட்டும் மெல்லத் தள்ளிக் கொடுக்கும். தசைநார் அப்படித் தள்ளாது, விறைத்து நிற்கும். கமக்காரரின் கையில் நரம்பு கயிறு மாதிரி எழும்பி நிற்கும், ஆனால் ஊசி பட்டதும் வழுக்கி ஓடிவிடும். கீழே பெருவிரலால் தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டு, ஊசிமுனையின் சரிவு மேலே பார்க்கச் சாய்வாக விட வேண்டும். வயதான பெண்களின் கை வேறு விதம், நரம்பு தெரியும், தொட்டால் உடையும். அவர்களுக்கு மெல்லிய ஊசி. அம்மா கடைசி வரைக்கும் கூரையைப் பார்த்தபடி முருகா முருகா என்றுகொண்டிருந்தா. முடிந்துவிட்டது என்று சொல்லியும் நம்பவில்லை.

எடுத்த பிறகுதான் உண்மையான ஓட்டம். உறைவதற்கு அரை மணித்தியாலம் நிழலில் நிற்க வேண்டும், அதற்குள் ஆட்டக் கூடாது. பிறகு ஐஸ் பெட்டி. ஐஸ் நேரே ரியூபில் பட்டால் செங்கலங்கள் உடைந்து எல்லாம் பழுதாகிவிடும் என்று இடையில் துணி வைக்கிறோம். மண்டூரிலிருந்து குருமண்வெளிக்குப் பாதையில் (ஆற்றைக் கடக்கிற மிதவையில்) ஏறி வரும்போது பெட்டி என் மடியில்தான். மீன் வாங்கிக்கொண்டு வருகிறேன் என்று நினைத்து விலை கேட்டவர்களும் உண்டு. லாப்பில் பத்து நிமிசம் சுற்றினால் உறைந்த இரத்தம் கீழே போய், மேலே வெளிர் மஞ்சள் நீராகச் சீரம் தெளியும். எனக்கு வேண்டியது அதுதான். நோய் முற்றின ஆளின் சீரம் கடும் மஞ்சளாக இருக்கும். அதைப் பார்க்கும்போது இலக்கத்துக்குப் பின்னால் யார் என்று தெரியாமலே வயிற்றைப் பிசையும்.

சீரத்தைச் சின்னச் சின்னக் குப்பிகளில் பிரித்து, பூச்சியத்துக்குக் கீழே 80 பாகையில் வைக்கிறோம். உறைந்ததைக் கரைத்துத் திரும்ப உறைய வைத்தால் தரம் குறையும், அதற்காகத்தான் பிரித்து வைப்பது. கரண்ட் போனால் முதலில் நினைவுக்கு வருவது அந்த உறைபெட்டிதான். 2022 பங்குனிக் கடைசியில் 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்களே, அந்த நாளில் இந்தத் தொழிலில் இருந்த ஒருவரும் சரியாக நித்திரை கொண்டிருக்க மாட்டார்கள்.

இனித்தான் எனக்கு உன்னிடம் சொல்ல வேண்டிய விசயம். காய்ச்சலோடு வருகிறவரிடம் இரத்தம் எடுப்பது லேசு. உடம்பு நோகிறது, ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிறார், கையை நீட்டிவிடுவார். ஆனால் ஒரு முறை எடுத்தது போதாது. எதிர்ப்பொருள் நன்றாக ஏற ஒரு கிழமைக்கு மேல் வேண்டும். முதலாவதில் நூறில் ஒரு பங்காக ஐதாக்கும் வரை தெரிந்தது, இரண்டு கிழமை கழித்து எடுத்ததில் நானூறில் ஒரு பங்கு வரை தெரிந்தால், அந்த நாலு மடங்கு ஏற்றம்தான் சாட்சி. இல்லாவிட்டால் அது பழைய காய்ச்சலின் மிச்சமா, இந்தக் காய்ச்சலா என்று அடித்துச் சொல்ல முடியாது. உயிருள்ள கிருமிகளை இன வாரியாக வளர்த்து வைத்து, அவற்றோடு சீரத்தைக் கலந்து, இருட்டுப் பின்னணியில் நுணுக்குக்காட்டியால் பார்க்கிற சோதனை அது. கிருமி ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டால் எதிர்ப்பொருள் இருக்கிறது என்று அர்த்தம். கிருமியை உயிரோடு பேணுவது லேசுப்பட்ட வேலை இல்லை, கொழும்பு பொரளையில் இருக்கிற மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம் (எம்.ஆர்.ஐ.) மாதிரிச் சில இடங்களில்தான் செய்கிறார்கள்.

அந்த இரண்டாவது இரத்தம் கொடுக்கிறவருக்கு ஒரு சதத்துக்கும் பிரயோசனமில்லை. டொக்டர் அந்த முடிவுக்காகக் காத்திருக்க மாட்டார், சந்தேகம் வந்த அன்றைக்கே மருந்து தொடங்கிவிடுவார். ஆள் சுகமாகி, வயலில் இறங்கிய பிறகுதான் நான் போய் நிற்கிறேன். போன கிழமை ஒருவரைத் தேடி வயலுக்கே போனேன். வெட்டுமெஷின் ஒரு பக்கம் ஓடுகிறது, சாக்கு கட்ட ஆள் போதாது என்று அவர் இன்னொரு பக்கம் ஓடுகிறார். "காய்ச்சல் மாறிட்டு தங்கச்சி, மறுகா என்னத்துக்கு?" என்றார். அவர் கேட்டது நூற்றுக்கு நூறு நியாயம். உங்களுக்காக இல்லை அண்ணன், இந்தப் பக்கத்து வயலில் எந்த இனக் கிருமி சுற்றுகிறது என்று அறியத்தான், விருப்பமில்லாவிட்டால் இப்படியே திரும்பிப் போகிறேன் என்று சொன்னேன். மெஷின்காரனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "இந்தப் பாத்தி முடியட்டும்" என்றார். பாத்தி முடிந்தது, அடுத்ததும் முடிந்தது. கடைசியில் சோறு கொண்டுவந்த அவருடைய மனிசி, "அந்தப் புள்ள வெயிலுக்க நிக்குது, கைய நீட்டிட்டுப் போங்களன்" என்று போட்ட சத்தத்தில்தான் வரம்பில் குந்தினார். கை கழுவத் தண்ணீரும் அவதான் ஊற்றினா. நான் கொண்டுபோன மாரி பிஸ்கற்றை அவர் தொடவே இல்லை, மெஷின்காரன் தின்றுவிட்டான்.

கட்டாயப்படுத்த முடியாது என்பது சட்டம் மட்டுமில்லை. கையெழுத்துப் போட்ட பிறகும் "வேண்டாம், என் இரத்தத்தை எறியுங்கள்" என்று சொல்ல அவருக்கு உரிமை இருக்கிறது. படிவத்தை வாசித்துக் காட்டும்போது அந்த வரியை நான் விழுங்குவதில்லை. விழுங்கினால் ஆட்கள் கூடுதலாகச் சேருவார்கள் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் அப்படிச் சேர்ந்தவர் இரண்டாம் முறை கதவைத் திறக்க மாட்டார்.

நாங்கள் முதல் ஆட்கள் இல்லையடி. எங்களுக்கு முந்தியும் எத்தனையோ பேர் வந்து இரத்தம் எடுத்திருக்கிறார்கள். சிலர் போனவர்கள் போனவர்கள்தான். ஒரு வீட்டில் ஒரு ஐயா, "எட்டு வருசத்துக்கு முந்தி எடுத்தாங்க மகள், அது இன்னும் வரல்ல, முதல்ல அதக் கொண்டா" என்றார். என்ன பதில் சொல்ல? ஆனபடியால் எங்கள் கூட்டத்தில் நான் ஒரே பிடியாக நின்றேன், ரிசல்ட் கடிதம் தபாலில் போகக் கூடாது, கையில் கொடுத்து விளங்கப்படுத்த வேண்டும் என்று. பெற்றோல் செலவு என்றார்கள். செலவுதான். ஆனால் எதிர்ப்பொருள் இருக்கிறது என்று கடிதத்தில் வாசித்துவிட்டு, தனக்கு நோய் என்று நினைத்து ஒருவர் நித்திரையில்லாமல் கிடந்தால் அதற்கு யார் கணக்குச் சொல்வது? இப்போது கொஞ்சம் கொஞ்சமாகக் கையில் கொடுப்பதும் நடக்கிறது.

வேறு புதினம் என்ன? எங்கள் பயோ ரீச்சர் பென்சனில் போய்விட்டா, கல்லடியில் வீடு கட்டுகிறா. தங்கச்சியின் மகனும் எம்.எல்.ரி. (மருத்துவ ஆய்வுகூட வேலை) படிக்கப் போகிறானாம். நல்ல வேலை, ஆனால் கல்யாண வீட்டில்கூட ஆட்களின் முழங்கையைத்தான் முதலில் பார்ப்பாய் என்று எச்சரித்திருக்கிறேன்.

அம்மாவுக்கு நீ போனில் சொல்ல வேண்டியது இரண்டு. மாட்டுப்பட்டிக்குள் வெறுங்காலோடு போக வேண்டாம், நான் சொன்னால் சிரிக்கிறா. மற்றது, வயல் காலத்தில் பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) இலவசமாகத் தருகிற எலிக்காய்ச்சல் தடுப்பு மருந்து டொக்சிசைக்ளின், கிழமைக்கு 200 மில்லிகிராம். வயிறு எரிகிறது என்று அதை அலுமாரியில் சேர்த்து வைத்திருக்கிறா. சாப்பிட்ட பிறகு நிறையத் தண்ணீரோடு குடித்துவிட்டு, உடனே படுக்காமல் இருந்தால் எரிவு குறையும். அப்படியும் எரிந்தால் பி.எச்.ஐ.யிடமோ டொக்டரிடமோ கேட்கச் சொல்லு. உன் சொல்லைக் கேட்பா, லண்டனிலிருந்து வருகிற சொல்லுக்கு இங்கே தனி மதிப்பு.

ஆவணியில் மண்டூர்த் திருவிழாவுக்கு வருகிறேன் என்று எழுதியிருக்கிறாய். திகதியை நேரத்தோடே அறிவி, லீவு போட வேண்டும்.

அன்புடன்,
ரஞ்சி