டொமினிக் ஹாஷெக் அவர்களுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள ஹாஷெக் அவர்களுக்கு,

உங்கள் பேச்சு வந்தாலே எல்லோரும் ஜப்பானின் நகானோவைத்தான் சொல்கிறார்கள். 1998 ஒலிம்பிக் பனி ஹாக்கி அரையிறுதி, செக் அணியின் கோல்கீப்பராக நீங்கள், கனடாவுடன் பெனால்டி ஷூட் அவுட். ஃப்ளூரி, போர்க், நியூவெண்டைக், லிண்ட்ரோஸ், ஷானஹன் என ஐந்து பேர் வந்தார்கள், ஒருவராலும் கோல் போட முடியவில்லை. அப்புறம் ரஷ்யாவை 1-0 என வென்று தங்கம். சரி, அதை யார் மறப்பார்கள்? ஆனால் என்னை எழுத வைத்தது அதற்கு முந்தைய, பிந்தைய வருடங்கள்.

1983-ல் வட அமெரிக்க லீக்கான என்.எச்.எல்-இன் புதிய வீரர் தேர்வில் சிகாகோ அணி உங்களை 199-வது ஆளாகத் தேர்ந்தெடுத்தது. நீங்கள் அங்கே போய்ச் சேர்ந்தபோது 25 வயது. முதல் கோல்கீப்பராக எட் பெல்ஃபோர் இருந்ததால் உங்களுக்குக் கிடைத்தது பெஞ்சும், இண்டியானாபொலிஸில் கீழ்நிலை லீக்கும்தான். 1992-ல் பஃபலோவுக்குக் கைமாற்றினார்கள். அங்கும் கிராண்ட் ஃபியூருக்குக் காயம் பட்ட பிறகே முதல் கோல்கீப்பர் ஆனீர்கள். அந்த 1993-94 சீசனில் ஆட்டத்துக்குச் சராசரி 1.95 கோல்தான் விட்டீர்கள். அத்தனை வருடம் உங்களைக் காக்க வைத்ததில் எனக்கு இன்றும் கோபம் உண்டு.

உங்கள் ஆட்டம் பலருக்குப் பிடிபடவில்லை என்பது உண்மை. மல்லாந்து விழுவீர்கள், உருளுவீர்கள். பக் (பந்துக்குப் பதிலான ரப்பர் வட்டு) அருகில் கிடந்தால் ஸ்டிக்கைக் கீழே போட்டுவிட்டு, அதைப் பிடித்திருந்த கையாலேயே பக்கை அமுக்குவீர்கள். எந்தப் பயிற்சியாளர் இதைச் சொல்லித்தருவார்? முதல் பார்வைக்கு வெறும் பதற்றம் போலத்தான் இருக்கும். வீடியோவை மெதுவாக ஓடவிட்டால் வேறு கதை. விழும்போதும் கண் பக்கை விட்டு விலகுவதில்லை. எழுந்திருக்க நேரமில்லை என்று தெரிந்ததும் கால்கள் இரண்டும் பனியோடு படிந்து வலையின் கீழ்ப்பகுதியை அடைத்துவிடும். 1994 ஏப்ரலில் நியூ ஜெர்சியுடன் நான்காவது கூடுதல் நேரம் வரை போன ஆட்டத்தில் 70 ஷாட்களைத் தடுத்தீர்கள், ஒரு கோல்கூட விடாமல். அதை அதிர்ஷ்டம் என்று சொல்பவர்களோடு எனக்குப் பேச்சே இல்லை.

லீக்கின் சிறந்த கோல்கீப்பருக்கான வெசினா கோப்பை ஆறு முறை, மிக மதிப்புமிக்க வீரருக்கான ஹார்ட் கோப்பை 1997, 1998 என இரண்டு முறை. எல்லாம் தெரிந்ததுதான்.

2008-ல் டெட்ராய்ட் அணியில், கோப்பைக்கான ஆட்டங்களின் முதல் சுற்றிலேயே இடத்தை சக கோல்கீப்பர் ஆஸ்குட்டிடம் இழந்தீர்கள். அணி லீக்கின் பட்டமான ஸ்டான்லி கோப்பையை வென்றபோது நீங்கள் மாற்று கோல்கீப்பர். 43 வயது, ஓய்வும் அறிவித்தாயிற்று. அதோடு நிறுத்தியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். நீங்களோ பிறந்த ஊரான பார்டுபிட்சேவுக்கே திரும்பிப்போய், 2010-ல் 45 வயதில் செக் லீக் பட்டத்தை வென்று கொடுத்தீர்கள். நகானோ தங்கத்தைவிட எனக்கு அந்தப் பட்டம்தான் பெரிது. அதற்கு நன்றி சொல்லத்தான் இந்தக் கடிதம்.

அன்புடன்,
உங்கள் ரசிகன்