கிளை விற்ற பணம் லாபமாகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேலூர், காட்பாடி, ஆம்பூர்ப் பக்கம் பிரியாணிக் கடை, டீக்கடை பிரான்சைஸ் எடுப்பவர்கள், பெயர் கொடுக்கும் நிறுவனம் காட்டும் லாபக் கணக்கை நம்பிப் பணம் கட்டுகிறார்கள். அந்த லாபம் ராயல்டியில் (கடைகளின் விற்பனையில் நிறுவனத்துக்கு வரும் பங்கு) வந்ததா, புதிய கிளைக்கு உரிமை விற்று வாங்கிய நுழைவுக் கட்டணத்தில் வந்ததா என்று யாரும் கேட்பதில்லை.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். நுழைவுக் கட்டணம் 10 லட்சம் ரூபாய். அதில் 2 லட்சம் அடுப்புக்கும் ஃப்ரீசருக்கும். ஒப்பந்தம் ஜனவரியில் கையெழுத்தாகிறது. கடை திறக்கும் ஏப்ரல் 1 முதல் 5 ஆண்டு உரிமை. பட்டியலிட்ட நிறுவனங்களும், 250 கோடி ரூபாயும் அதற்கு மேலும் நிகர மதிப்புள்ளவையும் பின்பற்ற வேண்டிய இந்தியக் கணக்கியல் தரம் 115 (2018 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது) சொல்வது இது: சாமான்களுக்கான 2 லட்சம், அவை கைமாறும்போது வருமானம். பெயரைப் பயன்படுத்தும் உரிமைக்கான 8 லட்சம், 60 மாதத்துக்குப் பிரித்து மாதம் 13,333 ரூபாய். மார்ச் 31 அன்று அந்த 8 லட்சம் முழுவதும் பேலன்ஸ் ஷீட்டில் பொறுப்புப் பக்கம்தான், அதாவது இன்னும் சம்பாதிக்காத பணமாகத்தான், நிற்க வேண்டும். திருப்பித் தர வேண்டிய டெபாசிட் எப்போதுமே வருமானமாகாது.

பல இடங்களில் நடப்பதோ வேறு. செக் மாறிய அன்றே 10 லட்சமும் வருமானத்தில் ஏறிவிடுகிறது. 12 கிளை விற்ற ஆண்டில் லாபம் கொழிக்கும்; மறு ஆண்டு 2 கிளை மட்டுமே விற்றால் சரியும். மாதாமாதம் பிரித்து எழுதும் நிறுவனத்திலும் ஒரு வேடிக்கை உண்டு: கிளை பாதியில் மூடி, கட்டணமும் திருப்பித் தரப்படாவிட்டால், இன்னும் வருமானத்தில் ஏறாத மீதித் தொகை முழுவதும் அந்த ஆண்டே வருமானமாகிவிடும். லாபம் கூடியதற்குக் காரணம் கடைகள் மூடியதாகவும் இருக்கலாம்.

விற்பனையில் சதவீதமாக வரும் ராயல்டி, விற்பனை நடந்த மாதத்தின் வருமானம். மார்ச் விற்பனை விவரம் ஏப்ரல் 10ஆம் தேதி வந்தாலும் அது மார்ச் கணக்குதான். பில் போட்ட தேதியில் ஏற்றினால் 11 மாத ராயல்டியோ 13 மாத ராயல்டியோ ஓர் ஆண்டுக்குள் விழலாம்.

எடுப்பவர் கவனிக்க வேண்டியது, ‘விற்பனை’ என்ற சொல்லுக்கு ஒப்பந்தம் தரும் பொருள். ஒரு மாதத்தில் 12 லட்சம் விற்பனைக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து 12,60,000 வசூலாகிறது என்று வைப்போம். 6 சதவீத ராயல்டி வரி நீக்கிய தொகைக்கு 72,000. மொத்த வசூலுக்கு 75,600. மாதம் 3,600 வித்தியாசம். ஸ்விக்கி, சொமாட்டோ கமிஷனைக் கழித்த தொகைக்கா, கழிக்காததற்கா என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். ராயல்டி மீது 18 சதவீத ஜி.எஸ்.டி., அதாவது 12,960 ரூபாய் தனி. 5 சதவீதம் வசூலிக்கும் உணவகத்துக்கு உள்ளீட்டு வரி வரவு (தான் கட்டிய வரியை, வசூலித்த வரியில் கழித்துக்கொள்ளும் வசதி) கிடையாது. ஆகவே அது அப்படியே கைச்செலவு. 6 சதவீதம் என்று கையெழுத்திட்டவர் உண்மையில் தருவது 7.08 சதவீதம். பிராஜெக்ட் ரிப்போர்ட்டில் இதைப் போட மறந்துவிடுகிறார்கள்.

முன்பணம் கட்டுவதற்கு முன் மூன்று ஆண்டு பேலன்ஸ் ஷீட்டைக் கேட்டு வாங்குங்கள். குறிப்புகளில் நுழைவுக் கட்டணமும் ராயல்டியும் தனித்தனி வரியாக இருக்கிறதா என்று பாருங்கள். தர மறுத்தால், பதிவு பெற்ற கம்பெனியாக இருக்கும்பட்சத்தில், கம்பெனி விவகார அமைச்சகத் தளத்தில் கட்டணம் செலுத்தி அந்தக் கணக்கைப் பார்த்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஒரு கணக்காளர்,
சத்துவாச்சாரி, வேலூர்.