மறுகால் போகும் வழியை வரைபடத்தில் ஏற்ற அனுமதியுங்கள்

தமிழ்நாடு அரசின் வருவாய் மற்றும் பேரிடர் மேலாண்மைத் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் எங்கள் பக்கம் பெய்த மழையை உங்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் செந்தூர் விரைவு ரயில் நின்றுபோனதும், புதுக்குடி மக்கள் அந்தப் பயணிகளுக்குச் சோறாக்கிக் கொடுத்ததும் நாடறிந்த செய்தி. நான் எழுத வந்தது செய்தியில் வராத ஊர்களைப் பற்றி.

அந்த வாரம் உதவி கேட்டு வந்த அழைப்புகளைக் குறித்துவைக்கும் வேலையில் நானும் இருந்தேன். "குளம் உடைஞ்சிட்டு, தெற்குத் தெருவுல ஆளுக மாடியில நிக்காவ" என்று ஒரு குரல் வரும். எந்த ஊர்த் தெற்குத் தெரு? ஊர்ப் பெயரைக் கேட்டு வாங்கினாலும் செல்பேசி வரைபடத்தில் அந்தப் பெயர் இருக்காது. இருந்தால், அதே பெயரில் இரண்டு ஊர் இருக்கும். திரும்பக் கேட்பதற்குள் லைன் போய்விடும். மீனவர்கள் படகை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து நின்றார்கள். எந்தத் திருப்பத்தில் இறக்கினால் தெருவுக்குள் போகலாம் என்று அவர்களுக்குக் காட்ட எங்கள் கையில் ஒரு படம் இல்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் தூக்கம் கெடும்.

அதற்குப் பிறகுதான் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் வரையக் கற்றுக்கொண்டேன். 2004-இல் பிரிட்டனில் தொடங்கிய இந்த வரைபடத்தை யாரும் திருத்தலாம், யாரும் காசில்லாமல் எடுத்துப் பயன்படுத்தலாம். ஒரு மாவட்டத்தையே செல்பேசியில் இறக்கி வைத்துக்கொண்டு, சிக்னல் இல்லாத இடத்திலும் பார்க்கலாம். டவர்கள் எல்லாம் ஓய்ந்துபோன அந்த நாட்களைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கடைசி வசதியின் அருமை தெரியும்.

2010 ஜனவரி 12-இல் ஹைட்டியில் நிலநடுக்கம் வந்தபோது, தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸின் பெரும்பகுதி இந்த வரைபடத்தில் வெற்றிடமாகத்தான் இருந்தது. செயற்கைக்கோள் நிறுவனங்கள் தங்கள் படங்களை வரைவதற்குத் திறந்துவிட்டன. பல நாடுகளில் இருந்த தன்னார்வலர்கள் சில நாட்களுக்குள் தெருத்தெருவாக வரைந்தார்கள். மீட்புக் குழுவினர் அதை ஜிபிஎஸ் கருவிகளில் ஏற்றிக்கொண்டு இடிபாடுகளுக்குள் போனார்கள். தன்னார்வலர் உழைப்பைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். நான் உங்கள் முன் வைக்க விரும்புவது வேறு: படம் வைத்திருந்தவர்கள் "எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சொன்ன பிறகுதான் அந்த வேலை வேகம் பிடித்தது.

நேபாளத்தில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். 2015 ஏப்ரல் நிலநடுக்கத்துக்கு முன்பே காத்மாண்டு பள்ளத்தாக்கின் பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் உள்ளூர் இளைஞர்கள் வரைந்து வைத்திருந்தார்கள். நம் சென்னையிலும் அதே ஆண்டு டிசம்பர் வெள்ளத்தில், தண்ணீர் நிற்கும் தெருக்களை மக்களே இந்த வரைபடத்தின் மேல் குறித்தார்கள். சென்னையில் அது முடிந்தது, தெருக்கள் முன்பே வரைபடத்தில் இருந்ததால்தான்.

எங்கள் ஊர்களில் அது இல்லை. வானத்திலிருந்து எடுத்த படத்தைப் பார்த்துக் கூரைகளை வரைந்துவிடலாம், வரைந்தும் வருகிறோம். ஒருவர் வரைந்ததை இன்னொருவர் சரிபார்க்கிறார். ஆனால் கூரையின் மேல் ஊர்ப் பெயர் எழுதியிருப்பதில்லை. வாழைத் தோப்புக்குள் போகும் வண்டிப்பாதை தெரிவதில்லை. தரைப்பாலம் வானத்திலிருந்து பார்த்தால் வெறும் ரோடு.

போன கோடையில் ஒரு குளத்துக் கரையில் வயதான நீர்ப்பாய்ச்சி ஒருவரோடு நடந்தேன். பாசனத்துக்குத் தண்ணீர் திறக்கும் மடையிலிருந்து, குளம் நிரம்பினால் தண்ணீர் வழியும் கலுங்கு வரை கூட்டிப் போனார். அப்படி வழியும் மறுகால் தண்ணீர் இறங்கும் ஓடை கருவேலம் மண்டிக் கிடந்தது. அவர் காட்டியிராவிட்டால் அதைத் தரிசு என்றே வரைந்திருப்பேன். ஓடை ரோட்டைக் கடக்கும் இடத்தில் நின்று, கைத்தடியால் தரைப்பாலத்தைத் தட்டினார். "எய்யா, இதுக்கு மேல முழங்கால் தண்ணி வந்துட்டுன்னா அந்தத் தெரு தீவுதான். பொறவு மேற்க சுத்தித்தான் வரணும், அந்த வழி எங்களுக்குத்தான் தெரியும்." அந்த மேற்கு வழியை அன்றே நடந்து பதிவு செய்தேன். மாட்டுவண்டி அகலம், இடையில் ஒரு சின்னக் குழாய்ப்பாலம். ஒரு குளத்துக்கு ஒரு நாள் ஆனது. தாமிரபரணிப் பாசனத்தில் இருக்கும் குளங்களையெல்லாம் இப்படி நடந்து முடிக்க எங்களுக்கு எத்தனை கோடை வேண்டும்?

இவையெல்லாம் உங்கள் கிராம நிர்வாக அலுவலருக்கும் தலையாரிக்கும் அத்துப்படி. கிராம வரைபடத்திலும் நில அளவைப் புலப்படத்திலும் ஓடையும் வாய்க்காலும் கோடாக இருக்கின்றன. மழைக்கு முன் எந்தப் பள்ளி, எந்த மண்டபம் நிவாரண முகாம் என்று பட்டியல் போடுகிறீர்கள். ஆனால் அந்தப் படங்களும் பட்டியல்களும் கண்ணால் பார்க்கக் கிடைத்தாலும், அவற்றைப் பார்த்து வரைய எங்களுக்கு உரிமை கிடையாது. எழுத்துப்பூர்வமான அனுமதியோ, யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்ற திறந்த உரிமமோ இல்லாமல் எங்கிருந்தும் ஒரு கோட்டையும் எடுப்பதில்லை என்பது எங்கள் வரைபடத்தின் முதல் விதி. கூகுள் மேப்பைப் பார்த்துக்கூட வரைய மாட்டோம்.

ஆகவே கேட்கிறேன். குக்கிராமங்கள் வரை எல்லா ஊர்களின் பெயர்களையும் தமிழ் எழுத்திலேயே, இருப்பிடப் புள்ளியோடு திறந்த உரிமத்தில் வெளியிடுங்கள். ஆங்கிலத்தில் எழுதி மறுபடி தமிழாக்கும்போது பெயர் சிதைந்து, ஊர்க்காரருக்கே அடையாளம் தெரியாமல் போகிறது. நிவாரண முகாம்கள், தரைப்பாலங்கள், குளங்களின் மறுகால் பாதைகள், இதுவரை கரை உடைந்த இடங்கள் ஆகியவற்றையும் அதோடு சேருங்கள். வெள்ளத்துக்குப் பிறகு ட்ரோன் பறக்கவிட்டால் அந்தப் படங்களையும் தாருங்கள். பட்டா யார் பேரில் என்பது எங்களுக்கு வேண்டாம். ஒரு தனி மனிதரின் விவரமும் வேண்டாம்.

யார் வேண்டுமானாலும் திருத்தும் வரைபடத்தை நம்பலாமா என்று உங்களுக்குத் தயக்கம் இருக்கும். நியாயமான கேள்வி. தவறு வரும். ஆனால் எதை, எப்போது, எந்தக் கணக்கிலிருந்து மாற்றினார்கள் என்பது ஒவ்வொரு கோட்டுக்கும் பதிவாகிறது, பழையபடி மாற்றிவிடலாம். சட்டமும் தடையாக இல்லை. 2021 பிப்ரவரியில் மத்திய அரசு வெளியிட்ட புவியிடத் தரவு வழிகாட்டுதல்கள், வரைபடம் தயாரிக்க முன் அனுமதி பெற வேண்டும் என்ற பழைய நடைமுறையை இந்தியர்களுக்கு நீக்கிவிட்டன.

மாநிலம் முழுவதும் ஒரே நாளில் வேண்டும் என்று கேட்கவில்லை. ஸ்ரீவைகுண்டம், ஏரல் வட்டங்களில் தொடங்கலாம். கிராம நிர்வாக அலுவலர்கள் ஒரு சனிக்கிழமை எங்களோடு உட்கார்ந்தால் போதும். மடிக்கணினியும் அச்சிட்ட படங்களும் நாங்கள் கொண்டுவருகிறோம். அவர்கள் விரல் வைத்துக் காட்டட்டும், நாங்கள் வரைகிறோம். ஐப்பசி பிறப்பதற்குள் செய்துவிடலாம்.

இப்படிக்கு,
தாமிரபரணிக் கரையிலிருந்து ஒரு தன்னார்வலர்