மார்கழிக்கு மட்டும்தானா நிகழ்ச்சி நிரல்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். மார்கழி வந்தால் உங்கள் நாளிதழில் சபா வாரியாக நிகழ்ச்சி நிரல் வந்துவிடுகிறது. யார் பாடுகிறார், யார் ஆடுகிறார், மிருதங்கம் யார், எந்த கேன்டீனில் இன்று என்ன விசேஷம் என்பது வரை தெரிந்துவிடும். குறை சொல்லவில்லை. அந்தப் பக்கத்தைக் கத்தரித்து ஃபிரிட்ஜ் மேல் ஒட்டி வைக்கிறவள்தான் நானும். ஆனால் இதே சென்னையில் ஆண்டு முழுவதும், மரபு இலக்கணத்துக்குள் மட்டும் நிற்காத தற்கால நடனமும் நிகழ்த்துகலையும் நடக்கின்றன. அவற்றைப் பற்றி எப்போதாவது, எல்லாம் முடிந்த பிறகு, ஒரு படம் வருகிறது. பயிற்சிப் பட்டறை எந்தத் தேதி, ஆடிஷன் எங்கே, உதவித்தொகைக்குக் கடைசி நாள் எது என்பதெல்லாம் முன்கூட்டியே தெரிந்தால்தானே பிரயோஜனம்? தமிழில் அது என் கண்ணில் படுவதே இல்லை.

பெரம்பூரில் மொட்டை மாடியில் கொட்டகை போட்டுப் பிள்ளைகளுக்குப் பரதம் சொல்லிக்கொடுக்கிறேன். என்னிடம் படித்த பையன் ஒருவன், வீட்டில் தாத்தா காலத்துச் சிலம்பம், வெளியில் சினிமா பாட்டுக்கு ஆட்டம் என்று வளர்ந்தவன். தரையில் உருண்டு எழுந்தால் சத்தமே வராது; அவ்வளவு சுத்தமான உடம்பு. அவனைப் போன்றவர்களுக்காகவே சென்ற ஆண்டு நகரத்தில் ஒரு இலவசப் பட்டறை நடந்தது. அறிவிப்பு முழுக்க ஆங்கிலத்தில், இன்ஸ்டாகிராமில் மட்டும். படிவத்தில் ‘உங்கள் கலைப் பயணத்தை 300 சொற்களில் எழுதுக’ என்று கேட்டிருந்தார்கள். அவன் அதைத் திறந்து பார்த்துவிட்டு மூடிவிட்டான். எனக்குச் சொன்னபோது தேதி முடிந்திருந்தது. அப்புறம் அந்தப் பட்டறைக்குப் போய் வந்த ஒருவரிடம் பேசினேன். வந்தவர்களில் பாதிப்பேர் ஒருவருக்கொருவர் ஏற்கெனவே தெரிந்தவர்களாம்.

தற்கால நடனம் நேற்று முளைத்த கலை இல்லை. 1985இல் நடனக் கலைஞர் சந்திரலேகா ‘அங்கிகா’ என்ற படைப்பை மேடையேற்றியபோது பரதத்தையும் கேரளத்துப் போர்க்கலையான களரியையும் யோகாவையும் ஒரே மேடையில் நிறுத்தினார். காஞ்சிபுரம் எல்லப்ப பிள்ளையிடம் பரதம் கற்றவர் அவர். பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையை ஒட்டி அவர் உருவாக்கிய ‘ஸ்பேசஸ்’ என்ற கலைக்கூடம், அவர் 2006இல் மறைந்த பிறகும் நாடகத்துக்கும் நடனத்துக்கும் இடம் கொடுத்து வந்திருக்கிறது. பெரம்பூரில் 29சி பஸ் ஏறினால் நேரே பெசன்ட் நகரில் இறங்கலாம். இருந்தும், எங்கள் தெருவில் அந்த இடத்தின் பெயரைக் கேள்விப்பட்டவர் யாரும் இல்லை.

1998 முதல் 2006 வரை நடனக் கலைஞர் அனிதா ரத்னமும் கலை ஆர்வலர் ரன்வீர் ஷாவும் டிசம்பர் முதல் வாரத்தில் ‘தி அதர் ஃபெஸ்டிவல்’ என்ற தற்காலக் கலை விழாவை நடத்தினார்கள். எழும்பூர் மியூசியம் தியேட்டரில் நானும் பார்த்திருக்கிறேன். சபா சீசன் சூடு பிடிக்கும் முன் அந்தப் பழைய கட்டடத்துக்குள் போய் உட்கார்ந்து, மேடையில் என்ன நடக்கிறது என்று புரிந்தும் புரியாமலும் பார்த்துவிட்டு வருவோம். புரியவில்லை என்பது ஒரு குறையாகவே தோன்றவில்லை. திரும்பி வரும்போது ரயிலில் அதைப் பற்றியே பேசிக்கொண்டு வருவோம்.

சந்திரலேகாவின் குழுவில் பத்தாண்டு ஆடிய பத்மினி செட்டூர் இந்த ஊரில்தான் தன் படைப்புகளை உருவாக்கினார். அவரும் ப்ரீத்தி ஆத்ரேயாவும் இன்னும் சிலரும் சேர்ந்து தொடங்கிய ‘பேஸ்மென்ட் 21’ குழு ‘மார்ச் டான்ஸ்’ என்ற விழாவை நடத்தியிருக்கிறது. ப்ரீத்தியின் ஒரு படைப்பில் பத்துப் பேர் குதிக்கிறார்கள், குதித்துக்கொண்டே இருக்கிறார்கள். முத்திரை கிடையாது, அபிநயம் கிடையாது. மூச்சு இரைப்பதும், கால் தரையில் படும் ஓசையும், ஒருவர் தாளத்தை இன்னொருவர் பிடிப்பதும்தான் ஆட்டம். சிலம்பக் கூடத்தில் வளர்ந்த பையனுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதே இல்லை. பார்த்தவுடன் ‘இது நம்மால் முடியும்’ என்பான். அதனால்தான் இந்தச் செய்திகள் நுங்கம்பாக்கத்தைத் தாண்டி வடசென்னைக்கும் வர வேண்டும் என்கிறேன்.

வாய்ப்பே இல்லை என்றால் பேசிப் பயனில்லை. இருக்கிறது. பெங்களூரில் உள்ள இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ் கலைஞர்களுக்கு நிதி கொடுக்கிறது. அதற்குத் தமிழிலேயே விண்ணப்பிக்கலாம். இந்த ஒரு வரியை நான் சொன்னபோது நம்பாதவர்கள்தான் அதிகம். மத்திய கலாசார அமைச்சகம் 18 முதல் 25 வயது வரை உள்ள இளம் கலைஞர்களுக்கு இரண்டு ஆண்டு, மாதம் 5,000 ரூபாய் உதவித்தொகை தருகிறது. செவ்வியல் நடனம், நாடகம், மைம், நாட்டார் கலை எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. 25 வயதைத் தாண்டியவர்களுக்கு ஜூனியர் ஃபெலோஷிப் மாதம் 10,000, நாற்பதைத் தாண்டியவர்களுக்கு சீனியர் ஃபெலோஷிப் மாதம் 20,000. பெரிய பணம் இல்லைதான். ஆனால் மாலையில் டெலிவரி வேலைக்குப் போகாமல் ஒத்திகைக்கு வர இது போதும் என்று சொல்லும் பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

இங்கேயே பிரக்ருதி ஃபவுண்டேஷன் என்ற கலை அமைப்பு, தற்கால நடனத்துக்கென்று 2012 முதல் போட்டி முறையில் விருது கொடுத்து வந்திருக்கிறது. புதுச்சேரி போகும் வழியில் ஆரோவில் பக்கம் ‘ஆதிசக்தி’ என்ற நாடகக் குழுவின் இடம் இருக்கிறது. மூச்சையும் களரியையும், கேரளத்துச் சமஸ்கிருத நாடகமான கூடியாட்டத்தையும் வைத்து நடிகர்களுக்கும் ஆடுகிறவர்களுக்கும் அங்கே பட்டறை நடத்துகிறார்கள். ஜெர்மன் கலாசார மையமான மாக்ஸ் முல்லர் பவனிலும் பிரெஞ்சு மையமான அலியான்ஸ் பிரான்சேஸிலும் வெளிநாட்டுக் குழுக்கள் வரும்போது பல நிகழ்ச்சிகளுக்கு அனுமதி இலவசம். வாசலில் செக்யூரிட்டி நிற்பதைப் பார்த்து ‘நமக்கெல்லாம் உள்ளே விடுவார்களா’ என்று தயங்கித் திரும்பியவர்கள் உண்டு. ‘அனைவரும் வரலாம்’ என்று தமிழ்ப் பேப்பரில் ஒரு வரி வந்தால் அந்தத் தயக்கம் பாதி போய்விடும்.

அறிவிப்பு போட்டால் மட்டும் போதாது, எப்படிப் போடுகிறோம் என்பதும் இருக்கிறது. கட்டணம் எவ்வளவு, சலுகை உண்டா, எந்த மொழியில் வகுப்பு நடக்கும், முன் பயிற்சி வேண்டுமா, பக்கத்து ரயில் நிலையம் அல்லது பஸ் நிறுத்தம் எது, பெண் பிள்ளைகள் எத்தனை மணிக்கு வீடு திரும்பலாம். பெற்றோர் என்னிடம் கேட்பது இவ்வளவுதான். தரையைப் பற்றியும் ஒரு வார்த்தை இருந்தால் நல்லது. சிமென்ட் தரையில் தினம் குதிக்கும் பிள்ளைக்கு இருபத்தைந்து வயதில் முட்டி போய்விடும். மரத்தளம் போட்ட கூடம் எங்கே குறைந்த வாடகைக்குக் கிடைக்கும் என்பதும் ஒரு செய்திதான்.

இன்னொன்றைக் கண்டிப்பாகக் கேட்க வேண்டும்: சம்பளம். ‘நல்ல எக்ஸ்போஷர் கிடைக்கும்’ என்று சொல்லி, மாதக் கணக்கில் ஒத்திகை வாங்கிவிட்டு, பஸ் காசு கூடக் கொடுக்காத இடங்களை நான் பார்த்திருக்கிறேன். ஒத்திகைக்கு எவ்வளவு, நிகழ்ச்சிக்கு எவ்வளவு என்று எழுதாத ஆடிஷன் அறிவிப்பை நீங்கள் வெளியிடவே கூடாது. இந்த ஒரு விதி வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

‘இதற்கெல்லாம் யார் வரப்போகிறார்கள்’ என்று உங்கள் அலுவலகத்தில் கேட்பார்கள். பொங்கல் நேரத்தில் சென்னை சங்கமம் நடக்கும் பூங்காக்களைப் போய்ப் பாருங்கள். பறையாட்டத்துக்கும் கரகத்துக்கும் குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். எந்தப் பூங்காவில் எந்த நாள் என்று முன்பே தெரிந்ததால் வந்தவர்கள் அவர்கள். தற்கால நடனத்துக்கு அதே கூட்டம் வரும் என்று சொல்ல மாட்டேன். சில படைப்புகள் ஐம்பது பேர் அறையில் உட்கார்ந்து பார்க்க வேண்டியவை, அப்படியே இருக்கட்டும். அந்த ஐம்பது பேரும் ஒவ்வொரு தடவையும் அதே ஐம்பது பேராக இருப்பதுதான் உறுத்துகிறது. அமைப்பாளர்கள் மீதும் தவறு உண்டு. தமிழில் ஒரு பத்தி எழுதி அனுப்ப அவர்களுக்கு இவ்வளவு சோம்பல் வேண்டாம்.

நான் கேட்பது முழுப் பக்கம் இல்லை. சனிக்கிழமை இணைப்பில், ராசிபலனுக்குப் பக்கத்தில், கால் பத்தி. அதைத் தொகுக்க ஆள் இல்லை என்றால் நானும் என் மாணவிகளும் வாரா வாரம் சேகரித்து, தேதியும் கட்டணமும் போன் போட்டுச் சரிபார்த்து, தமிழில் எழுதி அனுப்புகிறோம். காசு வேண்டாம். வியாழக்கிழமை மாலைக்குள் அனுப்பினால் அந்த வாரமே அச்சில் ஏறுமா, இல்லை புதன்கிழமையே வேண்டுமா என்று மட்டும் தெரியப்படுத்துங்கள்.

இப்படிக்கு,
நடன ஆசிரியை ஒருவர்,
பெரம்பூர், சென்னை.