போயா இரவில் முகத்துவாரத்தை எங்களுக்குப் பூட்டுங்கள்

மாளிகாவத்தையில் உள்ள கடற்றொழில் மற்றும் நீரியல் வளங்கள் திணைக்களத்தின் பணிப்பாளர் நாயகம் அவர்களுக்கும், காக்கைதீவில் உள்ள நீர்வள ஆராய்ச்சி நிறுவனமான நாராவின் ஆய்வாளர்களுக்கும்,

வணக்கம்.

நான் கடற்றொழிலாளி அல்லன். புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கெழுதுகிறேன், வீடு வெள்ளவத்தையில். கிழமையில் ஒரு நாள் தூண்டிலைத் தூக்கிக்கொண்டு களனி கங்கை கடலோடு சேரும் முகத்துவாரத்துக்குப் போய்விடுவேன். 18 வருடமாக எனக்குக் கிளப்பும் அதுதான், வைத்தியமும் அதுதான். வழமையாக மக்கள் தங்களுக்கு எதையாவது திறந்துவிடச் சொல்லித்தான் உங்களுக்கு எழுதுவார்கள். மீன் முட்டையிடக் கூடும் இரவுகளில் ஆற்றின் வாயை எங்கள் தூண்டிலுக்குப் பூட்டுங்கள் என்று கேட்க நான் எழுதுகிறேன்.

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு மெதின் போயா இரவு, மார்ச் மாதப் பௌர்ணமி. மழை இல்லாத காலம். ஆறு மெலிந்து, உப்புத் தண்ணீர் உள்ளுக்கு ஏறியிருந்தது. முகத்துவாரத்தில் நாங்கள் ஏழெட்டுப் பேர் நின்றோம். பத்து மணி தாண்டி, வற்று முடிந்து பெருக்குத் தொடங்கிய நேரம், உயிரோடு மணலை மீனைக் கோத்திருந்த என் தூண்டிலில் ஓர் அடி விழுந்தது. றொட் கையை விட்டுப் போகப் பார்த்தது, ரீல் அலறியது, தங்கூசி ஓடிக்கொண்டே இருந்தது. இருபது நிமிடம் இழுபறி. கடைசியில் தண்ணீருக்கு மேலே வந்து தலையை உதறியபோது, டோர்ச் வெளிச்சத்தில் அதன் கண் தணல் மாதிரிச் சிவந்து தெரிந்தது. பக்கத்தில் நின்ற சிங்களப் பொடியன் "மோதா! மோதா!" என்று துள்ளினான். கொடுவா. அடுத்த நாள் மீன்கடைத் தராசில் 11 கிலோ. நீளம் ஒரு மீட்டருக்கு நாலைந்து சென்டிமீட்டர்தான் குறைவு.

வீட்டில் மாமிதான் வெட்டினா. யாழ்ப்பாணத்துக் குருநகர்க்காரி, மீன் வெட்ட ஆள் தேடத் தேவையில்லை. ஒவ்வொரு செதிலும் ரூபாய்க் குற்றி அளவில் சமையலறைச் சுவரெல்லாம் தெறித்தது. வயிற்றைக் கீறியதும் கத்தியை வைத்துவிட்டா. உள்ளே இரண்டு பக்கமும் என் முழங்கை நீளத்துக்கு மஞ்சளாகச் சினை. விரலை வைத்தால் மணல் மாதிரி உதிர்ந்தது. "பிள்ளைத்தாச்சியையெல்லோ தம்பி கொண்டு வந்திருக்கிறியள்" என்றா. வேறு எதுவும் சொல்லவில்லை. சினையைப் பொரித்துச் சாப்பிட்டோம். ருசியாகத்தான் இருந்தது, அதை மறைக்கப் போவதில்லை.

அதற்குப் பிறகுதான் இந்த மீனைப் பற்றி வாசிக்கத் தொடங்கினேன். நாராவில் இருப்பவர்களுக்கு நான் பாடம் எடுக்கத் தேவையில்லை. ஆனால் இந்த மடல் என் தூண்டில் கூட்டாளிகள் கையிலும் போகும் என்பதால் சொல்கிறேன். கொடுவா முதலில் ஆணாகத்தான் முதிர்கிறது. சில வருடங்கள் ஆணாக இருந்து, பெருத்த பிறகு பெட்டையாக மாறுகிறது. ஒரு மீட்டரை நெருங்கிய கொடுவா என்றால் அநேகமாகப் பெட்டைதான். ஆகவே நாங்கள் படம் எடுத்து முகநூலில் போட்டு "மொன்ஸ்டர்" என்று எழுதுகிற ஒவ்வொன்றும் ஒரு தாய். சின்னதை விட்டுவிட்டுப் பெரியதை வைத்துக்கொள் என்று அப்பா காலத்திலிருந்து கேட்டு வந்த நியாயம் இந்த மீனிடம் தலைகீழாகிறது. பல மில்லியன் முட்டை இடக்கூடிய பெட்டையை எடுத்துக்கொண்டு, ஆண்களை விட்டுவிட்டு வருகிறோம்.

ஆற்றிலும் சதுப்பிலும் திரியும் கொடுவா, முட்டையிட உப்புத் தண்ணீருக்கு வந்தாக வேண்டும். நல்ல தண்ணீரில் முட்டை பிழைக்காது. வருகிற இடம் ஆற்றின் வாய். வருகிற நாட்கள் பறுவத்தையும் அமாவாசையையும் ஒட்டியவை. பெருக்குத் தண்ணீர்தான் முட்டையையும் குஞ்சையும் உள்ளே, கண்டல் பக்கம் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. வருடம் முழுக்கப் பரந்து கிடக்கும் மீன், சில இரவுகளில் மட்டும் ஒரே வாசலில் கூடி நிற்கிறது.

இனி கொழும்பைப் பாருங்கள். பறுவம் என்றால் போயா. போயா என்றால் லீவு. லீவு என்றால் முகத்துவாரத்திலும் பாணந்துறையில் பொல்கொட வாயிலும் நீர்கொழும்புக் களப்பு வாயிலும் தூண்டில்கள் வரிசையாக நிற்கும். உலகத்தில் வேறு எந்த நாட்டிலும் இப்படி மாதாமாதம் பௌர்ணமிக்குப் பொது விடுமுறை விட்டு, தூண்டில்காரரை முட்டையிடும் மீனுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்துகிறார்களா என்று எனக்குச் சந்தேகம். அன்றைக்கு இறைச்சிக் கடை பூட்டு, சாராயத் தவறணை பூட்டு. நாங்கள் மட்டும் நிலா வெளிச்சத்தில் தாய் மீனைக் கொன்றுகொண்டு நிற்கிறோம். புண்ணியம் பாவம் பேச வரவில்லை, அதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். நான் சொல்வது கணக்கு.

அதிகாரம் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில் சட்டம், ஒரு பகுதிக்கோ ஓர் இனத்துக்கோ மூடிய பருவத்தை வர்த்தமானியில் அறிவிக்க அமைச்சருக்கு இடம் கொடுக்கிறது. சிங்கி இறாலுக்குப் பெப்ரவரி, செப்டெம்பர், ஒக்டோபர் என்று மூன்று மாதம் பூட்டு உண்டு. முட்டை சுமந்த சிங்கியை எந்த மாதத்திலும் எடுக்கக் கூடாது. 2012இல் கசைவால் சுறாவை முழுதாகவே தடைசெய்தீர்கள். ஆக, இது இந்த நாட்டுக்குப் புதுப் பழக்கம் இல்லை. ஆனால் எங்கள் தூண்டில் கூட்டத்தில் இப்படிப்பட்ட சட்டங்களைத் தனக்கென்று நினைத்தவன் ஒருவனும் இல்லை. கொடுவாவுக்கு ஏதாவது விதி உண்டா என்று ஓர் அலுவலகத்துக்குப் போய்க் கேட்டேன். மேசைக்குப் பின்னால் இருந்தவர் நல்ல மனிதர். தேத்தண்ணீர் வேண்டுமா என்றுகூடக் கேட்டார். "நீங்கள் தூண்டிலில் எவ்வளவு பிடித்துவிடப் போகிறீர்கள்?" என்று சிரித்து அனுப்பிவிட்டார். என் 11 கிலோவை எந்தப் பதிவேடும் எழுதவில்லை. துறைமுகத்தில் இறங்கும் மீனுக்காவது ஒரு கணக்கு இருக்கிறது.

அவுஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்தின் கிழக்குக் கரையில் இதே கொடுவாவுக்கு நவம்பர் 1 நண்பகல் முதல் பெப்ரவரி 1 நண்பகல் வரை பூட்டு. பொழுதுபோக்குக்குப் பிடிப்பவனுக்கும் அதே பூட்டுத்தான். மற்ற மாதங்களில் 58 சென்டிமீட்டருக்குக் குறைந்ததையும் எடுக்க முடியாது, 120க்கு மேற்பட்டதையும் எடுக்க முடியாது. மேல் எல்லை வைத்திருப்பதைக் கவனியுங்கள், அது தாய்க்கு வைத்த வேலி. கேமன் தீவுகளில் நசாவு களவா என்றொரு மீன், மாரியில் பௌர்ணமியை ஒட்டி ஒரே இடத்தில் ஆயிரக்கணக்கில் கூடும். 2001இல் லிட்டில் கேமனில் அந்த இடத்தைத் தூண்டில்காரர் கண்டுபிடித்தார்கள். இரண்டே மாரியில் பெரும்பகுதி போய்விட்டது. 2003இல் கூடும் இடத்தைப் பூட்டினார்கள். பதினைந்து வருடத்துக்குள் கூட்டம் பழைய அளவை எட்டியது.

பிழையாகப் பூட்டிய கதையும் உண்டு, அதையும் வாசியுங்கள். மெக்சிக்கோ வளைகுடாவில் சிவப்புச் செப்பிலி வகை ஒன்றுக்கு அமெரிக்க மத்திய அரசு பருவத்தைச் சுருக்கிக்கொண்டே போனது. 2014இல் ஒன்பது நாள். 2017இல் சொந்தப் படகுக்காரருக்கு முதலில் அறிவித்தது மூன்றே நாள். திறந்திருக்கும் நாள் குறைந்தால் எல்லோரும் அந்த நாளிலேயே, காற்றையும் பாராமல், கடலில் விழுவார்கள். சத்தம் எழுந்து பிறகு நாட்களைக் கூட்ட வேண்டி வந்தது. ஆகவே திறக்கும் நாளை எண்ணாதீர்கள். மீன் கூடும் நாளைப் பூட்டுங்கள். மற்ற நாட்களை எங்களிடம் விட்டுவிடுங்கள்.

எங்கள் ஆட்கள் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும், வட்ஸ்அப் குழுவில் ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள். "வலைக்காரன் ஓரிரவில் அள்ளுவதை நாங்கள் ஒரு வருடத்தில் பிடிப்போமா?" நியாயமான கேள்வி. ஆனால் வலைக்காரனுக்கு அது அடுப்பு. 2021இல் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்து மூழ்கியபோது இந்தக் கரையில் மீன்பிடியை நிறுத்தினீர்கள். முகத்துவாரத்துக் குடும்பங்கள் பட்ட பாட்டை நான் கண்ணால் பார்த்தவன். நட்டஈடு யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்ற சண்டை அங்கே இன்னும் நடக்கிறது. அந்தச் சனத்தின் தலையில் இன்னொரு தடையை முதலில் இறக்காதீர்கள். ஓரிரவு தூண்டில் போடாவிட்டால் என் வீட்டில் உலை கொதிக்காமல் விடாது. அதனால் முதல் பூட்டு எனக்குத்தான் வர வேண்டும். நாங்கள் ஒதுங்கிய பிறகு வலைக்காரரோடு உட்கார்ந்து பேசுங்கள், அவர்களும் கேட்பார்கள். எங்கள் வடகடலுக்குள்ளும் வந்து அள்ளும் தமிழ்நாட்டு இழுவைப் படகுகள், அங்குள்ள தடையால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கரையில் நிற்கும் 61 நாளை மாமியின் ஊர்க்காரர் விரலில் எண்ணிக் காத்திருப்பார்கள். தடை என்றால் மீனவனுக்கு எப்போதும் கசப்பு என்று யாராவது சொன்னால், அவரை மாமியோடு பேச விடுகிறேன்.

இன்னொரு கூட்டம், "பிடித்தாலும் விட்டுவிடுகிறோமே" என்கிறது. நானும் விட்டிருக்கிறேன். இருபது நிமிடம் இழுபட்டு, பூவில், அதாவது செவுளில், கைவைத்துத் தூக்கி, மூன்று ஃபோனில் படம் எடுத்து, பிறகு விட்ட மீன் வாலை அடித்துப் போவது உண்மைதான். அதே இரவில் அது போய் முட்டையிடும் என்று என்னிடம் யாரும் பந்தயம் கட்டத் தயாரில்லை. பூட்டிய இரவில் கொடுவாவைத் தேடிப் போவதே தவறு என்று எழுதுங்கள். பாரை தேடிப் போட்ட தூண்டிலில் தற்செயலாக மாட்டினால் தண்ணீரை விட்டு எடுக்காமல் கழற்றி விட வேண்டும், அவ்வளவுதான்.

களனி, பொல்கொட, நீர்கொழும்பு வாய்களில் கொடுவாவின் சினை எந்த மாதங்களில் முற்றுகிறது என்பதை நாரா சொல்ல வேண்டும். அந்த மாதங்களில் பறுவத்துக்கும் அமாவாசைக்கும் முன்னும் பின்னும் மூன்று இரவுகள், பொழுதுபோக்குத் தூண்டிலுக்கு அந்த வாய்களைப் பூட்டுங்கள். ஒரு மீட்டருக்கு மேற்பட்ட கொடுவாவை எந்த நாளிலும் நாங்கள் விட்டாக வேண்டும் என்று விதி வையுங்கள். உணவகங்களுக்கு மீன் வேண்டுமென்றால் திருகோணமலையில் கூட்டில் வளர்க்கிறார்கள், வாங்கட்டும். ஆய்வுக்கு ஆள் இல்லை, காசு இல்லை என்று சொல்லப் போகிறீர்கள் என்றால், உங்கள் கட்டடத்திலிருந்து ஆற்றின் வாய் கூப்பிடு தூரம். எங்கள் குழுவில் நாற்பது பேர் இருக்கிறோம். பிடித்த மீனின் நீளம், நிறை, இடம், பெருக்கு நேரம், வயிற்றைக் கீறினால் சினையின் படம் எல்லாம் ஒரு வருடம் எழுதித் தருகிறோம். ஒரு படிவமும், பெற்றுக்கொள்ள ஓர் ஆளும் போதும். பொய் எழுதுகிறவன் இரண்டு பேர் இருப்பான், அவர்களை எனக்குத் தெரியும்.

அறிவித்தால் வர்த்தமானியோடு நிறுத்தாதீர்கள். தூண்டில் போடுகிறவன் வர்த்தமானி வாசிப்பதில்லை. முகத்துவாரத்தில் ஒரு பலகை, தூண்டில் சாமான் விற்கும் கடைகளில் ஓர் அட்டை, போயாவுக்கு இரண்டு நாள் முன்னால் ஒரு குறுஞ்செய்தி. பலகையில் மீனின் படமும், கொடுவா என்றும் மோதா என்றும் இரண்டு பெயரும் இருக்கட்டும். கரையில் நிற்கிறவர்களில் பாதிப் பேர் தமிழ்ப் பொடியன்கள். சிங்களத்தில் மட்டும் எழுதிவிட்டுப் பிறகு தண்டப்பணத் துண்டை நீட்டினால் அது சரியில்லை.

படிவத்தை இந்த மாதமே அனுப்பினால் அடுத்த போயாவிலிருந்து எழுதத் தொடங்குவோம். பதில் தமிழில் வந்தால் மாமிக்கும் வாசித்துக் காட்டுவேன். சிங்களத்தில் வந்தால் பக்கத்தில் நின்று துள்ளின அந்தப் பொடியனிடம் கொடுத்து வாசிப்பிப்பேன். அவனும் இந்த மடலுக்குக் கையெழுத்து வைத்தவன்தான்.

இப்படிக்கு,
வெள்ளவத்தையிலிருந்து ஒரு சனிக்கிழமைத் தூண்டில்காரன்