அழிப்பதற்கு முன் எழுதிக்கொள்ளுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பழைய டீசல் காரை வைத்துக்கொள்வதா, விற்றுவிடுவதா என்று தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். பெரும்பாலும் ஒத்துப்போகிறேன். ஒரு வரி மட்டும் உறுத்தியது. வண்டிக் கம்ப்யூட்டரில் பதிவான பழுது எண்ணைப் படிக்கும் ஸ்கேனர் வந்த பிறகு பழுதைக் கண்டுபிடிப்பது ஐந்து நிமிட வேலை ஆகிவிட்டது என்று கட்டுரையாளர் எழுதியிருந்தார். என் வண்டிக்கு ஐந்து மாதம் ஆனது. கையை விட்டுப் போனது கிட்டத்தட்ட 12,000 ரூபாய். அதனால்தான் இந்தக் கடிதம். நீளமாக இருந்தால் வெட்டிக்கொள்ளுங்கள், ஆனால் கண்ணாடிக் குழாய் வரும் இடத்தை மட்டும் விட்டுவைக்க வேண்டுகிறேன்.

ஈரோடு டீசல் லோகோ (ரயில் இன்ஜின்) ஷெட்டில் 31 ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். 16 சிலிண்டர், 2,600 குதிரைத்திறன் ஆல்கோ இன்ஜின்களோடு வாழ்ந்தவன். அதனால் கார் பற்றி எல்லாம் தெரியும் என்று சொல்ல வரவில்லை. இன்றைய கார்களின் காமன் ரெயில் (எல்லா சிலிண்டருக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து அதிக அழுத்தத்தில் டீசல் போகும் முறை) வேறு சாதி. பானெட்டைத் திறந்தால் எனக்குப் பாதி புரியாது.

மகள் தாளவாடியில் ஆசிரியை. மாதம் இரண்டு முறையாவது பண்ணாரி தாண்டி, திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிப் போவோம். போன ஜூலையில் ஒரு சனிக்கிழமை, ஒன்பதாவது வளைவுக்கு மேலே வண்டி திணற ஆரம்பித்தது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் இழுவை இல்லை. இரண்டு மூன்று முறை துள்ளியது, மஞ்சள் விளக்கு எரிந்தது, நின்றுவிட்டது. பின்னால் சரக்கு லாரி. டீசல் வண்டியில் இன்ஜின் நின்றால் பிரேக்குக்கு உதவும் வேக்யூம் பம்பும் நின்றுவிடும். இரண்டு தடவை மிதித்ததும் பெடல் கல்லாகிவிடும். ஸ்டியரிங்கும் கனத்துவிடும். ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் பிடித்துக்கொண்டு, என் மனைவியையும் பேரனையும் இறங்கச் சொல்லி, கல் தேடி டயருக்கு அண்டை கொடுத்த அந்த நாலு நிமிடத்தை இப்போது நினைத்தாலும் உள்ளங்கை வேர்க்கிறது. ஏழெட்டு முறை செல்ஃப் அடித்தபின் ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பியது. தாளவாடி வரை ஒரு குறையும் இல்லை. திரும்பி வரும்போதும் இல்லை. அடுத்த மூன்று வாரம் ஈரோட்டுக்குள் ஓட்டினேன், தங்கம்போல் ஓடியது.

விட்டு விட்டு வரும் பழுதின் குணமே இதுதான். அது மெக்கானிக் முன்னால் வராது.

முதலில் கம்பெனி அங்கீகாரம் பெற்ற ஒரு சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனேன். பெயர் வேண்டாம்; அங்கே இருக்கும் பையன்கள் மரியாதையானவர்கள், கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஸ்கேனரைச் சொருகினார்கள். பி0087 என்று வந்தது. ரெயில் பிரஷர், அதாவது அந்தப் பொதுக் குழாயில் டீசலின் அழுத்தம், குறைகிறது என்று பொருள். "சார், பழைய எரரா இருக்கும், கிளியர் பண்ணிட்டோம், இனி வராது" என்றார் சர்வீஸ் அட்வைசர். பெருந்துறை ரோட்டில் ஐந்து கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்துவிட்டு, வண்டி நன்றாக இருக்கிறது என்று சாவியைக் கொடுத்தார்கள். புகாரை எழுதும் வேலைச் சீட்டான ஜாப் கார்டைப் பார்த்தேன். நான் கால் மணி நேரம் சொன்ன கதை அதில் இரண்டே சொல்லாக இருந்தது: "பிக்கப் கம்ப்ளெயின்ட்".

அழித்தார்களே, அது வெறும் எண் இல்லை. பழுது நேர்ந்த கணத்தில் இன்ஜின் என்ன சுற்றில் இருந்தது, வண்டி என்ன வேகத்தில் போனது, கூலன்ட் எவ்வளவு சூடு, லோடு எவ்வளவு என்பதையும் அந்தக் கம்ப்யூட்டர் ஒரு புகைப்படம்போல் சேர்த்து வைத்திருக்கும். ஃப்ரீஸ் ஃப்ரேம் என்கிறார்கள். எண்ணை அழித்தால் அதுவும் போய்விடும். எங்கள் ஷெட்டில் யாராவது டிரைவர் எழுதிய பக்கத்தைப் படிக்காமல் கிழித்திருந்தால் அன்றைக்கே மெமோ கொடுத்திருப்பார்கள்.

ஷெட்டில் நடைமுறை அப்படித்தான் இருந்தது. இன்ஜினை விட்டு இறங்குமுன் டிரைவர் லாக் புத்தகத்தில் எழுதுவார். "இன்ஜின் சரியில்லை" என்று எழுத மாட்டார். "8-வது நாட்ச்சில் மட்டும் இழுவை விழுகிறது, 6-ல் சரியாக இருக்கிறது, மழை பெய்தபோது கூடுதல்" என்று எழுதுவார் (நாட்ச் என்பது ரயில் இன்ஜினின் ஆக்சிலரேட்டர் படி). பாதி வேலை அந்த வரியிலேயே முடிந்துவிடும். ஒரு ஃபிட்டர் எனக்குக் குருவாக இருந்தார். கடைசியாகக் கை வைத்த இடத்தை முதலில் பார் என்பார். இன்னொன்றும் சொல்வார்: சாவியை அணைத்தாற்போல் பட்டென்று நின்றால் கரண்டைப் பார், மூச்சு வாங்கித் திணறி நின்றால் டீசல் எண்ணெயைப் பார். காருக்கும் இது பொருந்துகிறது. என் பக்கத்து வீட்டுக்காரர் வண்டி நல்ல வெயிலில் பட்டென்று அணையும், ஆர்பிஎம் முள் முதலில் பூஜ்யத்துக்கு விழும், அரை மணி ஆறவிட்டால் கிளம்பும். அது இன்ஜின் சுற்றைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கிராங்க் சென்சார். சூட்டில் உள்ளே கம்பி விட்டுப்போய், ஆறினதும் ஒட்டிக்கொள்ளும். என் வண்டியில் முள் அப்படி விழவில்லை. இன்ஜினோடு சேர்ந்து தள்ளாடித்தான் இறங்கியது.

ஆகஸ்டில் இரண்டாவது முறை நின்றது. மறுபடி அதே சர்வீஸ் சென்டர், அதே எண். இந்த முறை ரெயில் பிரஷர் சென்சாரை மாற்றினார்கள். 6,800 ரூபாய். டீசல் ஃபில்டரைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். "ஜூன் சர்வீஸ்லதான் சார் மாத்தியிருக்கோம், புதுசு, அதுவா இருக்காது" என்றார். அப்போது எனக்கு உறைத்திருக்க வேண்டும். குரு சொன்னது காதில் விழவில்லை. புது சென்சாரைப் பார்த்த சந்தோஷத்தில் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

செப்டம்பரில் மூன்றாவது முறை; ரெக்கவரி வண்டிக்கு 3,500. அன்று ராத்திரி பேரனுடைய பழைய கணக்கு நோட்டில் கட்டம் போட்டேன். தேதி, மணி, இடம், டீசல் மீட்டரில் எத்தனை கோடு, ஏற்றமா சமதளமா, எத்தனை பேர், ஏசி ஓடியதா, முதலில் என்ன நடந்தது. பழைய மூன்றையும் பெட்ரோல் பங்க் ரசீதுகளை வைத்து, மனைவியைக் கேட்டுக் கேட்டு நிரப்பினேன். நவம்பர் முடிவதற்குள் ஏழு வரி ஆகிவிட்டது.

இதற்கிடையில் டீசல் பம்ப் வேலை பார்க்கும் ஒரு கடையில் காட்டினேன். சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நாலு இன்ஜெக்டரையும் கழற்றி, பம்பை இறக்கி சோதனை பெஞ்சில் ஏற்ற வேண்டும், 48,000 வரை ஆகலாம் என்றார்கள். கழற்றும் முன் ரிட்டர்ன் டெஸ்ட் செய்யுங்கள் என்று பிடிவாதமாக நின்றேன். ஒவ்வொரு இன்ஜெக்டரிலிருந்தும் மிச்ச டீசல் திரும்பும் ரிட்டர்ன் குழாயையும் தனித்தனி பாட்டிலில் விட்டு, சில நிமிடம் இன்ஜினை ஓடவிட்டு அளவைப் பார்ப்பது. ஒன்று மட்டும் நிறைய நிரம்பினால் அந்த இன்ஜெக்டர் உள்ளே கசிகிறது என்று அர்த்தம். நாலும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நின்றன. 1,500 ரூபாய் கொடுத்தேன்; அந்தச் செலவு மட்டும் எனக்கு வருத்தமே இல்லை.

நோட்டுக்கு வருகிறேன். ஏழில் ஆறு மலையேற்றத்தில். அந்த ஆறிலும் டீசல் இரண்டு கோடு அல்லது அதற்கும் கீழே. ஏழாவது மட்டும் கணக்கில் சேரவில்லை: மகள் வீட்டு வாசலில் மேடு பார்த்து நிறுத்திய வண்டி, காலையில் வெகுநேரம் செல்ஃப் அடித்தும் கிளம்பவில்லை. வேறு ஏதோ பழுது, பேட்டரியாக இருக்கும் என்று ஒதுக்கி வைத்திருந்தேன். உண்மையில் அந்த வரிதான் சாவி.

சர்வீஸ் சென்டரில் ஏன் ஒருமுறைகூட வரவில்லை என்பதும் நோட்டைப் பார்த்ததும் விளங்கியது. வெட்கமாக இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். சர்வீசுக்கு விடும்போது டேங்கை நிரப்பி விடுவது என் பழக்கம். அவர்கள் ஓட்டிப் பார்க்க டீசல் இல்லாமல் கஷ்டப்படக்கூடாதாம். "ஏனுங்க, நோயை மறைச்சுட்டு வைத்தியர்கிட்டக் காட்டுனா எப்படீங்க" என்றாள் மனைவி. முழு டேங்க், பெருந்துறை ரோடு, சமதளம். பிரம்மாவே ஓட்டினாலும் நின்றிருக்காது.

என் வண்டியில் டேங்குக்குள் மோட்டார் கிடையாது. முன்னால் இன்ஜினோடு இருக்கும் பம்ப்தான் பின்னால் டேங்கிலிருந்து டீசலை உறிஞ்சி எடுக்க வேண்டும். உறிஞ்சும் பாதையில் எங்கேயாவது மயிரிழை இடைவெளி இருந்தால் டீசல் வெளியே சொட்டாது. காற்று உள்ளே போகும். கீழே குனிந்து ஈரம் தேடினவர்கள் எல்லாரும் ஏமாந்தது இதனால்தான். டேங்க் நிறைய இருந்தால் உறிஞ்சும் சிரமம் குறைவு. டீசல் குறைந்து, மூக்கு மேலே தூக்கி ஏறும்போது டேங்க் கீழே, பம்ப் மேலே. உறிஞ்சுவது கூடும், காற்றும் கூடும். காற்று அமுங்கும், டீசல் அமுங்காது. சும்மா ஓடும்போது ரெயிலில் 280 பார் (அழுத்த அளவு) போதும் என்பதால் சமாளிக்கும். ஏற்றத்தில் 1,000 பார் கேட்கும்போது பம்ப் காற்றை அமுக்கிக்கொண்டிருக்கும். மேடு பார்த்து நிறுத்திய காலையில் என்ன நடந்தது? ராத்திரி முழுக்க அந்த இடைவெளி வழியாகக் காற்று புகுந்து, குழாயில் இருந்த டீசல் டேங்குக்கே இறங்கிவிட்டது. ஏழும் ஒரே பழுது.

இதை எல்லாம் நான் ஊகித்தேன். நிரூபித்தது எங்கள் பகுதியில் ஓலைக் கொட்டகையில் தொழில் செய்யும் ஒரு தம்பி. ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவே ஓர் அடி நீளத்துக்குக் கண்ணாடிபோல் தெரியும் டீசல் குழாயை வைத்தார். ஈரோட்டில் ஓடவிட்டோம், குமிழே இல்லை. "ஐயா, மலைக்கே போயிரலாம்ங்க" என்றார். டீசல் இரண்டு கோடு இருக்கும்படி பார்த்துக்கொண்டு டிசம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை கிளம்பினோம். மருமகன் வாங்கித் தந்த சின்ன ப்ளூடூத் கருவியைச் சொருகி, போனில் ரெயில் பிரஷரை அவர் பார்த்துக்கொண்டே வந்தார். ஆறாவது வளைவு தாண்டியதும் கம்ப்யூட்டர் கேட்ட பிரஷருக்கும் கிடைத்த பிரஷருக்கும் இடைவெளி விழ ஆரம்பித்தது. அகலமான இடம் பார்த்து ஒதுக்கி, இன்ஜினை ஓடவிட்டபடியே பானெட்டைத் திறந்தோம். குழாயில் சோடா பாட்டில்போல் குமிழ். தம்பி கையிலிருந்த கிரீஸை ஃபில்டர் மூடி விளிம்பில் சுற்றிலும் அப்பினார். குமிழ் நின்றுவிட்டது. ஒன்பதாவது வளைவில் நான் வேண்டுமென்றே இரண்டாவது கியரில் மிதித்தேன். கிளம்பிய குதிரைபோல் ஏறியது. மலைக்கு மேலே காராப்பள்ளம் பக்கம் போகும் கரும்பு லாரியையே முந்தினோம். அங்கே கரும்புக்காக யானை ரோட்டுக்கு வரும் என்பதால் நிதானமாகத்தான்.

கழற்றிப் பார்த்தால், மூடிக்கு உள்ளே இருந்தது பழைய ஓ-ரிங் (இடைவெளியை அடைக்கும் ரப்பர் வளையம்). தட்டையாகி, ஓரத்தில் நகம் பட்டதுபோல் ஒரு வெட்டு. ஜூன் சர்வீசில் ஃபில்டரை மாற்றியவர் புது ஃபில்டரோடு பெட்டியில் வந்த ரிங்கைப் போடாமல் பழையதையே போட்டு மூடியிருக்கிறார்.

ஆசிரியர் அவர்களே, அந்தப் பையன் மீது எனக்குக் கோபம் இல்லை. ஒரு நாளைக்கு எத்தனை வண்டி பார்க்கிறாரோ. ஆனால் பி0087 என்ற எண் சொன்னதில் தப்பே இல்லை. பிரஷர் குறைந்தது உண்மை. ஏன் குறைந்தது என்று அதற்குத் தெரியாது. ஃபில்டர் அடைப்பு, காற்று, பம்ப் தேய்மானம், வால்வு, இன்ஜெக்டர் கசிவு, சென்சார், ஒயர் எல்லாவற்றுக்கும் அதே எண் வரலாம். அந்த எண்ணைப் பார்த்து பாகத்தை மாற்றுவது, காய்ச்சல் 102 என்றதும் தெர்மாமீட்டரை மாற்றுவது போலத்தான். என் விஷயத்தில் நிஜமாகவே தெர்மாமீட்டரைத்தான் மாற்றினார்கள்.

தங்கள் நாளிதழ் மூலமாக சர்வீஸ் சென்டர் நடத்துபவர்களிடம் கேட்பது இவ்வளவுதான். எண்ணை அழிக்கும் முன் ஃப்ரீஸ் ஃப்ரேமோடு ஒரு தாளில் அச்செடுத்து வண்டிக்காரரிடம் கொடுங்கள். ஜாப் கார்டில் "எப்போது, எங்கே, டீசல் எவ்வளவு, முதலில் என்ன நடந்தது" என்று நாலு வரி எழுத இடம் விடுங்கள். பழுது வரும் இடத்துக்கு ஒருமுறையாவது ஓட்டுபவரோடு சேர்ந்து போங்கள். அதற்குக் கூலி கேளுங்கள், நான் தருவேன். மெக்கானிக் டீசல் பிரிவு நடத்தும் ஐடிஐ ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை: பயிற்சி வண்டியில் ஒரு கனெக்டரை வேண்டுமென்றே அரைகுறையாகச் சொருகி வைத்துவிட்டு மாணவர்களை ஒரு வாரம் தேடவிடுங்கள். எங்களுக்கு ஷெட்டில் அப்படித்தான் கற்றுக்கொடுத்தார்கள்.

கழற்றிய பழைய பிரஷர் சென்சாரைத் திருப்பிக் கேட்டிருக்கிறேன். நல்ல சென்சார் அது, நாளைக்கு உதவும். ஸ்டோரில் தேடிக்கொண்டிருக்கிறார்களாம், இந்தப் புதன்கிழமை மறுபடி போன் செய்யச் சொல்லியிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற லோகோ ஷெட் ஊழியர்,
கொல்லம்பாளையம், ஈரோடு.