தலைவலிகூட இல்லையே என்று சொன்ன மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

நேற்று போனில், "பிரஷர் 150/96 தான்ப்பா, தலைவலிகூட இல்லை, மாத்திரையை அப்புறம் பார்த்துக்கலாம்" என்றாய். அதற்கப்புறம் எனக்குத் தூக்கம் வரவில்லை. பத்து வருஷமாக நானும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

போன வாரம் எனக்கு எக்கோ, அதாவது இதயத்துக்கான ஸ்கேன், எடுத்தார்கள். எடுத்தவர் ஒரே இடத்தில் கோடு இழுத்து, அழித்து, மறுபடி இழுத்து மூன்று தடவை அளந்தார். இதயத்தின் இடது மேலறை 46 மில்லிமீட்டர். 40-க்குள் இருக்க வேண்டுமாம். பிரஷரால் கீழறைதான் கெடும் என்று நினைத்திருந்தவன் நான்.

நுரையீரலிலிருந்து வரும் நல்ல ரத்தம் முதலில் மேலறைக்குத்தான் வருகிறது. நடுவில் கதவுபோல இருக்கும் மிட்ரல் வால்வைத் தாண்டிக் கீழறைக்கு இறங்குகிறது. உடம்பு முழுக்கத் தள்ளுவது கீழறை. எதிரே ரத்தக் குழாயில் அழுத்தம் கூடக்கூட அது மல்லுக்கட்டித் தடித்துப்போகிறது, விறைத்துப்போகிறது. விறைத்த அறை லேசில் விரிந்து ரத்தத்தை வாங்கிக்கொள்ளாது. பின்னால் நிற்கும் மேலறைதான் முட்டித் தள்ள வேண்டும். அதன் சுவரோ இரண்டு மூன்று மில்லிமீட்டர். எத்தனை வருஷம் தாங்கும்? உப்பிப் பெரிதாகிறது, தசைக்கு நடுவே தழும்புபோல நார் படிகிறது. இதில் எதுவும் வலிக்காதும்மா.

நார் படிந்த சுவரில் மின் அலை ஒழுங்காக ஓடாது. ஒருநாள் ராத்திரி மணிக்கட்டில் விரல் வைத்துப் பார்த்தேன். படபடவென்று இரண்டு துடிப்பு, ஒரு வெற்றிடம், பிறகு நாலு, மறுபடி ஒன்று. தாளமே பிடிபடவில்லை. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்றார்கள். மேலறை சுருங்காமல் வெறுமனே நடுங்குகிறது. அதன் ஓரத்தில் காதுமடல் மாதிரி ஒரு சின்னப் பை உண்டு. ரத்தம் அதில் தேங்கி உறைந்து, அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். இது இல்லாதவர்களைவிட ஆபத்து ஏறக்குறைய 5 மடங்கு. அதற்காகத்தான் எனக்கு இப்போது ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை. சவரம் செய்யும்போது கீறினால்கூடப் பஞ்சை அழுத்திக்கொண்டு வெகுநேரம் நிற்கிறேன்.

உனக்கு இன்னும் அவ்வளவு தூரம் போகவில்லை. பிரஷரை இப்போதே அடக்கினால் மேலறை விரியாமல் தடுக்கலாம். லேசாக விரிந்தது கொஞ்சம் சுருங்கவும் கூடும். எழுதிக் கொடுத்த மாத்திரையை இன்றைக்கே ஆரம்பி. எக்கோ எடுக்கச் சொன்னால் மேலறையின் கொள்ளளவையும் கேட்டு வாங்கு; உடல் பரப்பில் சதுர மீட்டருக்கு 34 மில்லிலிட்டர்வரை சரி.

வீட்டில் பிரஷர் பார்க்கும்போது ஓடிவந்த கையோடு பார்க்காதே. முதுகைச் சாய்த்து, பாதம் தரையில் பட, ஐந்து நிமிஷம் பேசாமல் உட்கார். கை நெஞ்சு மட்டத்தில் இருக்கட்டும். காலையில் இரண்டு தடவை, சாயங்காலம் இரண்டு தடவை, ஏழு நாள். சராசரி 135/85-ஐத் தொட்டாலே டாக்டரிடம் சொல்லிவிடு.

அடுத்த ஞாயிறு போன் பண்ணும்போது அந்த ஏழு நாள் கணக்கை வாசி. நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருப்பேன்.

அப்பா